மூணு மைல் கடலை யார் பார்த்துக்கொள்வது?

பேச்சு சினை நண்டில்தான் ஆரம்பித்தது. எங்கள் ஊர் பாக் விரிகுடாக் கரையில் இருக்கும் சின்ன ஊர். நாட்டுப்படகும் பைபர் படகும்தான், விசைப்படகு ஒன்றுகூடக் கிடையாது. பாதிக் குடும்பங்களுக்கு நண்டு வலைதான் சோறு போடுகிறது. விசைப்படகுகள் கடலுக்குப் போகும் நாளில் நாங்கள் கரையில் இருப்போம். அப்படி ஒரு நாள் சாயங்காலம் ஊர்க்கூட்டம் கூடியது. படகில் போகும் இளைஞர் ஒருவர் எழுந்து, வயிற்றில் முட்டைக் கொத்தோடு ஏறும் நீலக்கால் நண்டைக் கடலிலேயே விட்டுவிடலாம் என்றார். ஒரு தாய் நண்டு லட்சக்கணக்கில் முட்டை சுமக்கிறது, அதைக் கூடையில் போட்டால் எடைக்குக் கிடைப்பது சொற்பம் என்பது அவர் கணக்கு.

உடனே ஒரு பெரியவர் கேட்டார்: "நாம விட்டா அடுத்த ஊர்க்காரன் வலையில ஏறும். நாம ஏம்ப்பா விடணும்?" இன்னொருவர், "அதுக்குத்தானே மீன்வளத்துறை இருக்கு, அவங்க சட்டம் போடட்டும்" என்றார். மூன்றாமவர், "ஊர் கட்டுப்பாடு போட்டா எவன் மீறுவான்?" என்றார். அன்றைக்கு முடிவு எதுவும் எட்டவில்லை.

எனக்கு அந்த மூன்று பதில்களும் மனதிலேயே நின்றுவிட்டன. கரைக்கடலை யார் கையில் ஒப்படைப்பது என்று உலகம் முழுக்க நடக்கும் விவாதமே இந்த மூன்று பேச்சுக்குள் இருக்கிறது. துறையிடம் விடலாம். ஊரே பார்த்துக்கொள்ளலாம். பெரியவர் கேட்ட கேள்விக்கு ஒரு பதிலாக, இன்ன கடல் இன்ன ஊருக்கு என்று எழுதிக் கொடுத்துவிடலாம். அல்லது துறையும் ஊர்களும் ஒரே மேசையில் உட்காரலாம். எங்கள் ஊருக்கும் எங்களைப் போன்ற ஊர்களுக்கும் எது சரிப்படும் என்று யோசித்ததை இங்கே எழுதுகிறேன்.

துறையிடமே விட்டுவிட்டால்

கரையிலிருந்து 12 கடல் மைல் வரை மீன்பிடிப்பு மாநில அரசின் பொறுப்பு. 1983-ல் வந்த தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் முதல் 3 கடல் மைலை நாட்டுப்படகுகளுக்கென்று விட்டு, விசைப்படகு அதற்கு வெளியேதான் தொழில் செய்ய வேண்டும் என்றது. அந்தச் சட்டம் சும்மா வந்துவிடவில்லை. 1970களில் இழுவைப் படகுகள் கரைக்கு நெருக்கமாக வந்து எங்கள் ஆட்களின் வலையை அறுத்தன. அதில் படகுகள் எரிந்தன, உயிர்களும் போயின. அதன் பிறகுதான் அந்தக் கோடு கிடைத்தது.

துறை செய்து காட்டிய வேலைகளில், மீன் இனப்பெருக்கத்துக்காக விசைப்படகுகளை நிறுத்திவைக்கும் தடைக்காலத்தை முதலில் சொல்வேன். 2001-ல் 45 நாளாகத் தொடங்கியது, 2017 முதல் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள். குறைகள் இருந்தாலும் இந்தத் தடை நிற்கிறது. துறைமுகத்தில் கட்டிக்கிடக்கும் படகுகளை எண்ணினாலே மீறியது யார் என்று தெரிந்துவிடுகிறது. டீசல் மானியத்தை நிறுத்தலாம், கடலுக்குப் போகும் அனுமதிச்சீட்டான டோக்கனை நிறுத்தலாம். எல்லாம் கரையிலேயே முடியும் வேலை.

கடலுக்குள் நடப்பதைப் பார்க்கத்தான் துறைக்குக் கண் போதவில்லை. இருட்டில் ஒரு விசைப்படகு இரண்டு மைலில் மடி (இழுவை வலை) இழுத்தால் அதைப் பார்ப்பது நாங்கள் மட்டும்தான். போன் போடுகிறோம், ரோந்துப் படகு வருவதற்குள் மடி ஏறிவிடுகிறது. தமிழ்நாட்டுக் கடற்கரை சுமார் 1,076 கிலோமீட்டர். அதில் 608 மீனவ ஊர்கள், ஆயிரக்கணக்கான படகுகள். கண்ணி அளவு, குஞ்சு மீன், மூன்று மைல் கோடு எல்லாவற்றையும் ரோந்துப் படகால் காப்பாற்ற வேண்டுமானால் எத்தனை படகு வாங்கினாலும் பற்றாது.

இன்னொரு குறையை 2001-லேயே பார்த்தோம். அந்த வருடம் ஜூலையில் மத்திய அரசு சுறா, திருக்கை வகைகள் மொத்தத்தையும், கூடவே கடல் அட்டையையும் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தது. அதாவது, புலிக்கு என்ன பாதுகாப்போ அதுவே. சுறா பிடித்தே வாழும் கன்னியாகுமரி மாவட்டத்துத் தூத்தூர் பக்கத்து மீனவர்களைக் கேட்டார்களா? இல்லை. போராட்டம் எழுந்து, அதே வருடம் டிசம்பரில் பட்டியலைச் சில இனங்களுக்குச் சுருக்கினார்கள். கடல் அட்டைத் தடை அப்படியே நிற்கிறது. முங்கி எடுத்தவர்களுக்குப் பிழைப்பு போனது, கடத்தல் போகவில்லை. பிடிபட்ட அட்டை மூட்டைகளின் படம் அடிக்கடி செய்தித்தாளில் வருகிறது. எந்த அட்டை எங்கே குறைந்தது, எங்கே இன்னும் கிடக்கிறது என்று முங்குபவர்களிடம் முதலில் கேட்டிருந்தால், சில வருடம் நிறுத்திவைப்பது, அளவு வைப்பது என்று வேறு வழி பிறந்திருக்கலாம். குறைந்தபட்சம், தடையைக் காக்க அவர்களே துணைக்கு நின்றிருப்பார்கள்.

ஆனால் துறை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. விசைப்படகின் எண்ணிக்கையைக் குறைக்க எந்த ஊராலும் முடியாது, அது அரசின் வேலை. 2017-ல் பாக் விரிகுடாவின் 2,000 இழுவைப் படகுகளை ஆழ்கடல் சூரைப் படகுகளாக மாற்ற 1,600 கோடி ரூபாய்த் திட்டம் வந்தது. ஒரு படகு 80 லட்சம், அதில் 70 சதவீதம் மானியம். மீதிக்குக் கைக்காசும் வங்கிக் கடனும். எண்ணியதில் சிறு பகுதிதான் நடந்தது. கடலுக்குள் ஒரு நாள் தங்கி இறாலுக்கு மடி இழுத்தவரை, வாரக்கணக்கில் ஆழ்கடலில் கிடந்து தூண்டில் போட வைப்பது வெறும் படகு மாற்றம் இல்லை, தொழில் மாற்றம். அதற்கான பயிற்சி, பிடித்ததைக் கெடாமல் வைக்கும் வசதி, கடன் கட்டும் தெம்பு எல்லாம் கூடி வர வேண்டும். இருந்தாலும் அந்தத் திசை சரியான திசை என்றே நம்புகிறேன்.

ஊரே பார்த்துக்கொண்டால்

இதற்குப் பழவேற்காட்டைத்தான் முதலில் சொல்ல வேண்டும். அந்த ஏரியில் இறால் பிடிக்கும் சுத்துவலைக்குப் 'பாடு' என்று ஒரு முறை தலைமுறை தலைமுறையாக இருக்கிறது. இறால் நன்றாக விழும் இடங்கள் கொஞ்சம்தான். எல்லோரும் அங்கேயே வலை கட்டினால் அடிதடி. அதனால் கோட்டைக்குப்பம், நடுவூர்மாதாகுப்பம், ஆண்டிக்குப்பம் போன்ற ஊர்கள் முறை வைத்துக்கொண்டன. ஊரில் தலைக்கட்டாக, அதாவது வரி கட்டும் ஆணாகச் சேர்ந்தவருக்குச் சீட்டு விழும், சீட்டு விழுந்த இடத்தில், விழுந்த நாளில் மட்டும் வலை கட்டுவார். இன்றைக்கு நல்ல இடம் வந்தவருக்கு நாளைக்கு ஓரத்து இடம். யாரும் சம்பளம் வாங்கிக் காவல் காக்கவில்லை, அடுத்த முறை நமக்கு வர வேண்டுமே என்பதே காவல். ஒரே இடத்தில் வலை குவியாமலும் இருந்தது.

இதை வாசிக்கும் எவருக்கும் மனம் நிறையும், எனக்கும் நிறைந்தது. ஆனால் அதே ஏரியில் பாடு கிடைக்காதவர்கள் யார் என்று கேட்டால் பேச்சு மாறுகிறது. பாடு பட்டினவர் சாதிக்குள் நிற்கும் உரிமை. ஏரியை நம்பியே இருக்கும் தலித் மீனவர்களுக்கும், கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர்களுக்கும் அந்தச் சீட்டில் பெயர் கிடையாது. இறால் விலை ஏற ஏற இந்த வேலி சண்டையாகவும் மாறியது. 'சமூகம் கடலைக் காக்கிறது' என்று சொல்லும்போது எந்தச் சமூகம் என்று கேட்காமல் விட்டால், காவல் என்ற பெயரில் பழைய வேலி ஒன்றுக்கு நாமே புதுப் பெயிண்ட் அடித்தவர்களாவோம்.

பெண்கள் விஷயமும் அப்படித்தான். சோழமண்டலக் கரையின் ஊர்ப் பஞ்சாயத்து எவ்வளவு வலுவானது என்பது 2004 சுனாமிக்குப் பிறகு வெளியுலகத்துக்கே தெரிந்தது. நிவாரணத்தை ஒழுங்காக இறக்கிப் பங்கிட்ட ஊர்கள் எத்தனையோ. ஆனால் வரி கட்டும் ஆண்களின் பட்டியலை வைத்துப் பங்கிட்ட இடங்களில் தனியாக வாழும் பெண்கள் விடுபட்டுப் போனார்கள். எங்கள் ஊர்க்கூட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். வலையிலிருந்து நண்டு கழிப்பவர்கள் பெண்கள். எந்த மாதம் சினை நண்டு அதிகம், எந்த மாதம் நண்டு சிறுத்துவிட்டது என்று கை வழியாகத் தெரிந்தவர்கள் அவர்கள்தான். சினை நண்டைப் பற்றி இரண்டு மணி நேரம் பேசிய அந்தக் கூட்டத்தில் ஒரு பெண்கூட இல்லை. அதை அன்றைக்கு நானும் கவனிக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்டபோதுதான் உறைத்தது.

ஊர் மட்டும் போதும் என்பதற்கு மூன்றாவது தடை, அடுத்த ஊர். சுருக்குமடியைப் பாருங்கள். தமிழ்நாட்டில் 2000-லேயே தடை செய்யப்பட்ட வலை அது. மத்திக் கூட்டத்தை வளைத்து ஒரே வீச்சில் அள்ளிவிடும். கடலூர், மயிலாடுதுறை, நாகப்பட்டினம் பக்கம் சில ஊர்கள் வட்டிக்குக் கடன் வாங்கி அந்த வலை போட்டன, சில ஊர்கள் அது கரைக்கு வரவே கூடாது என்றன. இரண்டு பக்கமும் ஊர்க் கட்டுப்பாடுதான், இரண்டு பக்கமும் பஞ்சாயத்துதான். 2021-ல் புதுச்சேரியில் நல்லவாடு, வீராம்பட்டினம் மீனவர்கள் இதே வலையால் மோதிக்கொண்டு, போலீஸ் வானத்தை நோக்கிச் சுட வேண்டி வந்தது. கடைசியில் வழக்கு உச்ச நீதிமன்றம் போய், 2023 ஜனவரியில் 12 கடல் மைலுக்கு வெளியே வாரத்தில் இரண்டு நாள், காலை 8 முதல் மாலை 6 வரை என்று இடைக்கால உத்தரவு வந்தது. ஊர் தன் எல்லைக்குள் எவ்வளவு கட்டுப்பாடாக இருந்தாலும், மீன் ஊர் எல்லை பார்த்து நீந்துவதில்லை.

அப்புறம், மீறியவரை ஊர் என்ன செய்யும்? அபராதம் போடும். கட்டாவிட்டால் ஊர்விலக்கு. ஒரு குடும்பத்தோடு யாரும் பேசக் கூடாது, கடையில் சாமான் தரக் கூடாது என்பது சட்டப்படியும் நியாயப்படியும் தவறு. ஒரு நண்டுக்காக அதைச் செய்யும் ஊர் எனக்கு வேண்டாம்.

எங்கள் பக்கம் இன்னொரு சிக்கலும் உண்டு. சோழமண்டலக் கரையைப் போல ஒரே சாதி, ஒரே பஞ்சாயத்து இங்கே இல்லை. ஒரே கரையில் இந்து, முஸ்லிம், கிறிஸ்தவக் குடும்பங்கள் தொழில் செய்கின்றன. கோயில் கூட்டம், ஜமாத், தேவாலயப் பங்கு என்று மூன்று இடத்தில் முடிவெடுப்பார்கள். மூன்றும் ஒத்துப் போனால்தான் கடலில் ஒரு விதி நிற்கும்.

ஊருக்கென்று கடலை எழுதிக் கொடுத்தால்

இதைச் சுருக்கமாகவே சொல்லலாம். ஜப்பானில் 1949 சட்டப்படி கரைக்கடலில் மீன்பிடிக்கும் உரிமை உள்ளூர் மீனவர் கூட்டுறவுச் சங்கங்களிடம் இருக்கிறது. எவ்வளவு, எப்போது, எதை என்பதைப் பெரும்பாலும் அவர்களே முடிவு செய்கிறார்கள். சிலி நாட்டில் 1991-க்குப் பிறகு கரையோரப் பாறைக் கடல் நத்தைக்கு மீனவர் சங்கங்களுக்குத் தனிப் பகுதிகள் கொடுத்தார்கள்.

இங்கே அப்படியே கொண்டுவர முடியுமா? 1,076 கிலோமீட்டரை 608 ஊருக்குப் பங்கிட்டால் ஓர் ஊருக்கு 2 கிலோமீட்டர்கூட வராது. அந்த இரண்டு கிலோமீட்டருக்குள் மத்தியும் நிற்காது, கானாங்கெளுத்தியும் நிற்காது, நண்டும் நிற்காது. ஆழத்துக்கும் கரைக்கும் போய்வந்துகொண்டே இருக்கும். ஆனால் நகராத பொருளுக்கு இது பொருந்தும். பாசி, மட்டி, மீன் தங்குவதற்காக ஊர் சேர்ந்து கடலடியில் போட்ட செயற்கைப் பார். பாரைப் போட்டவருக்கே அதில் முதல் பேச்சு என்று ஒரு எழுத்து இருந்தால், அந்தப் பாரின் மேல் இழுவை மடி வராமல் காப்பதற்கு ஆள் இருப்பார்கள். அந்த அளவுக்கு இந்த வழியை எடுத்துக்கொள்ளலாம்.

இரண்டு பேரும் ஒரே மேசையில்

என் மனம் போவது இந்தப் பக்கம்தான், அதனால் இதையே கொஞ்சம் விரித்துப் பேசுகிறேன்.

கேரளத்துக் கொல்லத்தில் அஷ்டமுடிக் காயல். மட்டி அள்ளிப் பிழைப்பவர்கள் சுமார் 3,000 பேர். 1980களில் வியட்நாம், தாய்லாந்து, மலேசியா பக்கம் ஏற்றுமதி சூடு பிடித்தது. 1991-ல் 10,000 டன் அள்ளினார்கள். இரண்டே வருடத்தில், 1993-ல், பாதியாக விழுந்தது. அடிவாங்கிய பிறகு அள்ளுபவர்களும், மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்து ஆராய்ச்சியாளர்களும், மாவட்ட நிர்வாகமும் சேர்ந்து சில விதிகளுக்கு வந்தார்கள். மட்டி முட்டையிட்டுக் குஞ்சு பிடிக்கும் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை அள்ளக் கூடாது. வலைக்கண்ணி 30 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. இயந்திரம் வைத்து அள்ளக் கூடாது. ஏற்றுமதிக்குப் போகும் சதை கிலோவுக்கு 1,400 எண்ணிக்கைக்கு மேல் இருக்கக் கூடாது.

கடைசி விதியைக் கவனியுங்கள். பிஞ்சு மட்டியை அள்ளினால் கிலோவுக்கு எண்ணிக்கை கூடும், கம்பெனி வாங்காது. காயலில் ஒவ்வொரு வள்ளமாகத் துரத்த வேண்டிய வேலையை வாங்கும் இடத்திலேயே முடித்துவிட்டார்கள். தடைக்காலம் ஏன் நிற்கிறது என்று மேலே சொன்னேனே, அதே சூட்சுமம். பிறகு மாவட்ட ஆட்சியர் தலைமையில் அள்ளுபவர்கள், வியாபாரிகள், துறை, ஆராய்ச்சியாளர்கள் உட்காரும் ஒரு நிர்வாகக் குழுவும் அமைந்தது. 2014 நவம்பரில் வளம் கெடாமல் மீன்பிடிப்பதற்கு உலக அளவில் தரப்படும் எம்.எஸ்.சி. சான்றிதழ் இந்தியாவிலேயே முதன்முதலாக இந்த மட்டித் தொழிலுக்குக் கிடைத்தது. சான்றிதழை நான் பெரிதாக நினைக்கவில்லை. பாதியாக விழுந்த தொழில் மறுபடி எழுந்து பல வருடம் நின்றது, அதுதான் எனக்குப் பெரிய செய்தி.

நம் பக்கத்திலேயே இன்னொன்று இருக்கிறது. மன்னார் வளைகுடாவில், எங்கள் ஆட்கள் தென்கடல் என்று சொல்லும் கடலில், பாசி எடுக்கும் பெண்கள். விரலில் துணி சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டி, மூச்சடக்கி மரிக்கொழுந்துப் பாசி, கட்டக்கோரை எடுப்பவர்கள். 1986-ல் அங்குள்ள 21 தீவுகளும் தேசியப் பூங்கா ஆனபின், தலைமுறையாகப் போன தீவுப் பக்கம் போனதற்கே குற்றவாளிகளைப் போல நிறுத்தப்பட்டார்கள். அவர்கள் சங்கமாகச் சேர்ந்து, தங்களுக்குள்ளேயே விதி வைத்துக்கொண்டார்கள். மாதத்தில் 12 நாள் மட்டும் எடுப்பது, பவளத்தைச் சுரண்டாமல் கையால் எடுப்பது. அதைக் காட்டித்தான் வனத்துறையோடும் அதிகாரிகளோடும் பேசினார்கள். அவர்களில் ஒருவரான பாம்பன் சின்னப்பாலத்து லட்சுமி மூர்த்திக்கு 2015-ல், தீவுகளின் இயற்கையைக் காப்பவர்களுக்குத் தரும் சீகாலஜி விருது கிடைத்தது. எனக்கு இதில் பிடித்தது, விதி பிறந்த இடம். பாசி முழுதாக வளர எத்தனை நாள் ஆகும் என்று தெரிந்தவர்களே நாள் கணக்கு வைத்தார்கள்.

பாக் விரிகுடாவில் நாங்களே வாழும் ஒரு கூட்டு ஏற்பாடும் உண்டு. வாரத்தில் மூன்று நாள் விசைப்படகு, நான்கு நாள் நாட்டுப்படகு. மோதல் முற்றிய காலத்தில் இரு தரப்பும் அதிகாரிகள் முன்னால் உட்கார்ந்து பேசியதில் வந்த நாள் கணக்கு அது. மூன்று மைல் கோட்டை மீறுபவர்கள்கூட இந்த நாள் கணக்கைப் பெரும்பாலும் மீறுவதில்லை. யார் எந்த நாளில் போனார் என்பது கரை முழுக்கத் தெரியுமே.

சரி, மேசை போட்டால் எல்லாம் முடிந்துவிடுமா? இல்லை. 2010 ஆகஸ்டில் இலங்கை வடக்கு மீனவர்களும் தமிழ்நாட்டு மீனவர்களும் நேருக்கு நேர் பேசி, ஒரு வருடத்துக்குள் இழுவை மடியைக் கைவிடுவது என்று முடிவுக்கே வந்தார்கள். மீனவர்களே எட்டிய அந்த முடிவை இரு அரசுகளும் கையிலெடுத்து நடைமுறையாக்கவில்லை. 2017-ல் இலங்கை இழுவை மடியைச் சட்டத்தால் தடை செய்தது. இங்கிருந்து போகும் படகுகள் பிடிபடுவது இன்றுவரை தொடர்கிறது. மேசையில் பேசியதை எழுத்தாக்கிக் காக்கும் கை அரசிடம் இல்லாவிட்டால், பேச்சு பேச்சாகவே போய்விடும். போன காசு, செலவழித்த நாள், எல்லாவற்றையும்விட 'பேசினோமே, என்ன ஆச்சு' என்ற கசப்பு அடுத்த தடவை யாரையும் மேசைக்கு வர விடாது.

கேரளா இந்தக் குறையைச் சட்டத்தில் நிரப்பப் பார்த்தது. 2015-ல் 14 மீன் இனங்களுக்குக் குறைந்தபட்ச அளவு வைத்தார்கள். மத்தி 10 சென்டிமீட்டருக்கும், கானாங்கெளுத்தி 14 சென்டிமீட்டருக்கும் கீழே இருந்தால் பிடிக்கக் கூடாது. பிறகு அந்தப் பட்டியல் நீண்டது. ஊர், மாவட்டம், மாநிலம் என்று மூன்று படியில் மீன்வள மேலாண்மைக் குழுக்களையும் சட்டத் திருத்தத்தில் கொண்டுவந்தார்கள். ஊர்க்குழு என்று ஒன்று சட்டத்தில் எழுதப்பட்டிருப்பதே நமக்கு ஒரு முன்மாதிரி. ஆனால் குழுவை அமைக்கும் கை, அதற்குக் காசும் முடிவெடுக்கும் உரிமையும் தர வேண்டும். கையெழுத்து வாங்கவும் பெயர்ப்பலகை மாட்டவும் மட்டும் கூடும் குழுக்களை நான் வேறு திட்டங்களில் பார்த்திருக்கிறேன். ஒரு முறை என்னையே ஒரு குழுவில் உறுப்பினராகப் போட்டிருந்தார்கள், அது எனக்கு இரண்டு வருடம் கழித்துத்தான் தெரிந்தது.

எங்கள் ஊருக்கு நான் கேட்பது

ஒரே வழியை எல்லாவற்றுக்கும் வைப்பது சரிவராது என்பது என் முடிவு. விசைப்படகின் எண்ணிக்கை, மூன்று மைல் கோடு, சுருக்குமடி மூன்றும் துறையின் கையில்தான் இருக்க வேண்டும், அதை ஊர் தலையில் கட்டக் கூடாது. பாசிக்கும் பாருக்கும் மட்டிக்கும் பக்கத்து ஊருக்கே உரிமை எழுதிக் கொடுக்கலாம். இரண்டுக்கும் நடுவில் கிடக்கும் நண்டு, கணவாய், இறால், கரையோரத்து மீன்கள், இவற்றுக்குத்தான் கூட்டு மேலாண்மை. அது தனி ஊர் அளவில் நிற்காது. ஒரே நண்டைப் பங்குபோடும் பத்துப் பன்னிரண்டு ஊர்கள் சேர்ந்த குழுவாக இருக்க வேண்டும். கோயில், ஜமாத், பங்கு மூன்றும் ஆள் அனுப்ப வேண்டும். தலைக்கட்டு இல்லாதவரும், நண்டு கழிக்கும் பெண்களும், மீன் விற்கும் பெண்களும் பெயரளவுக்கு இல்லாமல், எண்ணிக்கையிலேயே பாதியாக இருக்க வேண்டும். துறை அதிகாரி உட்காரட்டும், ஆனால் தலைமையை ஊர்க்காரர் ஏற்கட்டும். அபராதம் போடும் அதிகாரம் சட்டப்படி துறையிடம் இருக்கட்டும், ஊர்விலக்கு என்ற பேச்சே வேண்டாம்.

இதில் எனக்குத் தயக்கம் உள்ள இடத்தையும் சொல்லிவிடுகிறேன். பெரிய ஊர்கள் குழுவைப் பிடித்துக்கொண்டு சின்ன ஊர்களை ஓரம் கட்டலாம். நண்டு வாங்கும் வியாபாரிகளிடம் முன்பணம் வாங்கியவர்கள், அவர்கள் சொல்வதற்குத் தலையாட்ட வேண்டி வரலாம். இது கற்பனை பயம் இல்லை, எங்கள் கரையில் முன்பணம் வாங்காத படகை விரல் விட்டு எண்ணலாம். அதனால்தான் வியாபாரிகளையும் முதல் நாளிலேயே மேசைக்கு அழைக்க வேண்டும் என்கிறேன். அஷ்டமுடியில் விதி நின்றது வாங்கும் இடத்தில்தானே. சினை நண்டை வாங்க மாட்டோம் என்று பத்து ஊரின் வியாபாரிகளும் ஒத்துக்கொண்டால், எந்த ஊர்க்காரர் வலையில் ஏறினாலும் அதைக் கரைக்குக் கொண்டுவர அவருக்குக் காரணம் இருக்காது. பெரியவர் கேட்ட கேள்விக்கு என்னிடம் உள்ள பதில் இதுதான்.

வலையில் சிக்கிய சினை நண்டைக் கால் ஒடியாமல் கழித்து விடுவது எளிதில்லை, கரைக்கு வந்தபின் கழித்தால் பல நண்டு அதற்குள் செத்திருக்கும் என்று அம்மா சொன்னார். படகிலேயே கழிக்க நேரம் கிடைக்குமா, அல்லது முட்டை முற்றிய நண்டுகளை மட்டும் கரையில் தண்ணீர்த் தொட்டியில் விட்டு, குஞ்சு பொரித்த பிறகு தாயை விற்கலாமா? அம்மாவும் பக்கத்து வீட்டு அக்காவும் இரண்டு நாளாக இதையே பேசிக்கொண்டிருக்கிறார்கள். இதை ஆராய்ச்சி நிலையத்துக்காரர்கள் முன்னால் அவர்களே கேட்க வேண்டும்.

அடுத்த கூட்டத்தை எங்கள் கோயில் கொட்டகையில் வைக்க வேண்டாம், வடக்கே உள்ள அடுத்த ஊரின் ஜமாத் மண்டபத்தில் வைக்கலாம் என்று சொல்லியிருக்கிறேன். விசைப்படகு போகும் நாளாகப் பார்த்தால் இரண்டு ஊர் ஆட்களும் கரையில் இருப்பார்கள். அம்மாவும் அக்காவும் வருகிறார்கள். "அடுத்த ஊர்க்காரன்" என்று சொன்ன பெரியவரிடமும் கேட்டேன். யார் யார் வருகிறார்கள் என்று விசாரித்துவிட்டு, தானும் வருவதாகச் சொன்னார்.